விவசாயி யார் என்று கேட்டபோது

மன்னார்குடிப் பக்கம்:
அந்த ஆண்டு ஜூன் 12-லேயே மேட்டூர் திறந்துவிட்டதால், குறுவைக்குப் பயிர்க்கடன் கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயிருந்தேன். திருப்பூர் பனியன் வேலையை விட்டு வந்து மூன்று போகம் முடிந்திருந்தது; பாய் நாற்றங்கால் விட்டதும், நடவு இயந்திரத்துக்கு வாடகை பேசியதும், நள்ளிரவில் எழுந்து மோட்டார் போட்டதும் நான்தான். நில உரிமையாளர் பெயர் இருக்கும் சிட்டாவைப் பார்த்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, "விவசாயி யாரு தம்பி? அவரை வரச் சொல்லுங்க" என்றார். அதில் இருந்தது, இறந்து ஒன்பது ஆண்டுகளான தாத்தாவின் பெயர். என் கெண்டைக்காலில் காய்ந்திருந்த சேறு அவருடைய சிமெண்டுத் தரையில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது.

திருத்துறைப்பூண்டி மகள்:
உங்களிடம் அந்தக் கேள்வியையாவது கேட்டார்கள். எங்கள் வரப்பில் ஏறி வந்த அலுவலர், களையெடுக்கக் கோனோவீடர் உருட்டிக்கொண்டிருந்த என்னிடம் "அண்ணன் இல்லையாம்மா?" என்றார், சிங்கப்பூரில் இருக்கிறார் என்றதும் விதை மானியப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டென்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே, தாத்தா பெயரில் சிட்டா இருப்பதுதான் சிக்கல் என்பதை நான் ஒப்பமாட்டேன். எங்கள் வீட்டில் பட்டா மாறினாலும் அண்ணன் பெயருக்குத்தான் மாறும்.

பெல்ட் வண்டிக்காரன்:
பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரத்தை ஓட்டி ஊரார் வயலையெல்லாம் அறுத்துக் கொடுத்தவன் நான். எங்கள் வயலை என்றைக்கு அறுப்பது என்பதை மட்டும் அப்பாதான் சொல்வார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டதென்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பியபோதும் நான் வாய் திறக்கவில்லை. அது கிடக்கட்டும். மன்னார்குடித் தம்பி முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அத்தைமார் உட்பட வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்தபின், உட்பிரிவு செய்து தனிப்பட்டா கேட்டு இ-சேவை மையத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பங்கு அப்பா பெயருக்கு வந்ததும் அவசரப்பட்டு உங்கள் பெயருக்குத் தானமாக எழுதி வாங்கிவிடாதீர்கள்: 1.2.2019-க்குப் பின் கைமாறிய நிலத்துக்கு, உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்தாலொழிய, பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிக்கு ஆண்டுதோறும் வரும் 6,000 ரூபாய் கிடையாது.

மன்னார்குடிப் பக்கம்:
சான்றிதழ் வாங்கியாகிவிட்டது, அண்ணே. அத்தைகள் இருவரும் கையெழுத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். சென்னையிலுள்ள சித்தப்பாதான், "நீ ஊரில் எத்தனை நாள் இருப்பாய் என்று பார்ப்போம்" என்கிறார். சம்பாவுக்கும் நகையைத்தான் அடகு வைத்திருக்கிறேன்.