எனர்ஜி எஃபிசியன்சி: பயனுறுதிறனா, செட்டா?
(பேசுகிறவர்கள் அவரவர் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

காரைக்குடி:
வணக்கம். காலநிலை மாற்றம் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சுவரொட்டி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கரிம உமிழ்வு, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இரண்டிலும் சிக்கலில்லை. எனர்ஜி எஃபிசியன்சியில்தான் மாட்டிக்கொண்டேன். 'ஆற்றல் திறன்' என்று எழுதினேன். "திறன்னா பவர்தானே டீச்சர், வாட்லதானே சொல்லணும்?" என்றாள் ஒரு பிள்ளை. அவள் கேட்டது சரிதான்.

தேவகோட்டை:
பாடநூலில் 'பயனுறுதிறன்' இருக்கிறதே அம்மா. அதையே போடுங்கள்.

காரைக்குடி:
போடலாம் ஐயா. ஆனால் வீட்டில் ஆச்சிகளும் வாசிக்க வேண்டும். 'சிக்கனம்' போதாதா?

கோட்டையூர்:
போதாது. விசிறியை நிறுத்திவிட்டுப் புழுக்கத்தில் உட்கார்ந்தால் அது சிக்கனம். 75 வாட் விசிறி தந்த காற்றை 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறி தந்தால் அதுதான் நமக்கு வேண்டிய பொருள். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. அந்த அளவுக்கு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிவது குறையும்.

கானாடுகாத்தான்:
இதற்குச் 'செட்டு' இருக்கிறது. கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள் என்றால் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறாள் என்றா பொருள்? அதே சோறு, அதே குழம்பு, செலவு மட்டும் குறைவு. எங்கள் வீட்டு வளவில், முற்றத்தைச் சுற்றிய பகுதியில், உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பகலில் விளக்கு வேண்டாம், வெளிச்சம் முற்றத்து வழியே நேராக இறங்குகிறது. கனத்த சுவர் சித்திரை வெக்கையை உள்ளே விடுவதில்லை. காலடியில் ஆத்தங்குடிக் கல் என்னும் தரை ஓடு, சூளைக்கே போகாமல் தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்தது. 'ஆற்றல்செட்டு' என்று வையுங்கள்.

தேவகோட்டை:
செட்டு, செட்டியிலிருந்து வந்தது. செட்டியோ, வணிகர் தலைவனைக் குறிக்கும் வடமொழிச் சிரேஷ்டியின் வழி. தமிழ்ச்சொல் தேடப் போய் அங்கேயா நிற்பது?

கானாடுகாத்தான்:
வேந்தர்கள் வணிகருக்கு எட்டிப் பட்டம் கொடுத்தார்களே. எட்டியிலிருந்து செட்டி வந்திருக்கக் கூடாதா?

தேவகோட்டை:
சிப்பி இப்பியானது, சமணர் அமணரானார். முதலில் நிற்கும் சகரம் உதிரும், புதிதாக முளைக்காது. ஆகவே செட்டிதான் எட்டியாகியிருக்க வேண்டும்.

கோட்டையூர்:
வேர் எங்கே போனாலும் போகட்டும், எனக்கு அளவுதான் கவலை. சூரிய மின்சாரம் 100 யூனிட் பேட்டரியில் ஏற்றி 90 யூனிட் திரும்ப எடுத்தால், பயனுறுதிறன் 90 விழுக்காடு. 'செட்டு 90 விழுக்காடு' என்றால் யாருக்குப் புரியும்? 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் காரைக்குடிக்குப் போகிற சுவரொட்டி இது. கணக்குப் போட உதவாத சொல் வேண்டாம்.

காரைக்குடி:
அச்சகத்தில் கேட்டுவிட்டார்கள். தலைப்பில் 'ஆற்றல் பயனுறுதிறன்', விளக்குப் படத்தின் கீழே 'செட்டாக எரியும் விளக்கு'. மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள்.

கானாடுகாத்தான்:
நான் சரி சொல்லவில்லை அம்மா. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.