புதுப்பிப்பு: எம்/எம்/1/கே வரிசையில் சராசரி நேரம் பொருந்தாத சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டது இது: எம்/எம்/1/கே என்பது ஒரே சேவையாளர், தற்செயலான வருகை, சேவை நேரங்கள், மொத்தம் கே பேருக்கு மட்டும் இடம் உள்ள வரிசை மாதிரி. என் கணக்கில் வருகை நிமிடத்துக்கு 1, சேவையும் 1, சேவையில் இருப்பவரையும் சேர்த்து மொத்த இடம் 4. உள்ளே கழியும் சராசரி நேரம் சிமுலேஷனில் 2.5 நிமிடம்; என் கணக்கிலோ 2. உதவிய எல்லோருக்கும் நன்றி.

சிமுலேஷன் சரிதான். லிட்டில் விதியில் (சராசரி நேரம் = உள்ளே இருப்போரின் சராசரி எண்ணிக்கை ÷ வருகை வீதம்), இடமில்லாமல் திரும்பியவர்களையும் சேர்த்து வகுத்திருக்கிறேன். நுழைந்தவர்களை மட்டும் எடுக்கச் சொன்ன இரண்டாவது பதில்தான் கைகொடுத்தது. நிரம்பியிருக்கும் நிகழ்தகவு 0.2, ஆக நுழைவோர் நிமிடத்துக்கு 0.8; சராசரி எண்ணிக்கை 2. 2 ÷ 0.8 = 2.5. அப்பாடா!

எதிர்பாராத ஒன்று: வருகையும் சேவையும் சமமானால் உள்ளே இத்தனை பேர் இருப்பார்கள் என்ற நிகழ்தகவுக்கான வழக்கமான சூத்திரம் 0/0 ஆகிவிடுகிறது. அதற்கு மட்டும் எல்லா நிலைக்கும் (உள்ளே 0 முதல் கே பேர் வரை) 1/(கே+1) என்று நிரலில் தனி வரி சேர்த்துவிட்டேன்.