சொந்தமா பிளாக் போடலாம்னு ரோசனை, பிளாக்ஸ்பாட்டே போதுங்களா இல்ல டொமைன்னு சொல்ற சொந்த வெப் அட்ரஸ் வாங்கோணுங்களா?

ஓவர்லாக் தம்பி, திருப்பூர்

வணக்கங்க. நான் பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறனுங்க. பீஸ் ரேட் எப்புடிப் பேசி முடிக்கறாங்க, பேட்லாக் மெஷின்ல தையல் விட்டுவிட்டு விழுந்தா மொதல்ல எதப் பாக்கோணும், கைமடிக்கற புள்ளைங்க தையல் லைன்ல பேசிக்கற கூத்து, இதையெல்லாம் இத்தன நாளா ஒரு ஆப்ல எழுதிட்டு இருந்தனுங்க. போட்ட அன்னிக்கு நாலு பேரு லைக் போடறாங்க, அடுத்த வாரம் நானே தேடுனாலும் கெடைக்க மாட்டீங்குது, எப்பவோ எழுதுனத ஒருத்தர் கேட்டா எடுத்துக் குடுக்க வழியில்லீங்க. அதான் சொந்தமா ஒரு எடம் வேணும்னு பாக்கறேன். கம்ப்யூட்டர் எனக்கு எக்செல் வரைக்குந்தான் வரும். இன்னொன்னு, எங்க மொதலாளிக்குத் தெரியக்கூடாதுங்க, தெரிஞ்சா வர்ற சனிக்கெழமையே கணக்கு முடிச்சு அனுப்பிப்போடுவாப்ல.

கூடுதுறை, பவானி

தம்பி, பிளாக்ஸ்பாட்டே போதும், கூகுளோட பிளாக்கர்ல ஓசியாக் கெடைக்கற எடந்தான் அது. பிளாக்கர் 1999-ல வந்தது, 2003-ல கூகுள் வாங்குச்சு, அதுக்குப் பொறவு கூகுள் ரீடர 2013-ல மூடுனாங்க, ஆர்க்குட்ட 2014-ல மூடுனாங்க, கூகுள் பிளஸ்ஸ 2019-ல மூடுனாங்க, இது மட்டும் இன்னும் ஓடிட்டு இருக்குது. தமிழ் பிளாக்கெல்லாம் ஒரே எடத்துல திரட்டிக் காட்டுன தமிழ்மணம் காலத்துல நாங்க ஒரு கூட்டமே ராத்திரி ராத்திரி பதிவு போட்டு பின்னூட்டத்துல சண்ட கட்டிட்டு இருந்தோம், அன்னிக்கு எழுதுனது இன்னிக்கும் தேடுனா வருது, ஒத்த ரூவா கட்டலை.

ஒண்ணு மட்டும் சொல்றேன், இத யாரும் சொல்லித் தரமாட்டாங்க. தமிழ்ல தலைப்பு வெச்சா பிளாக்கர் அத லிங்க்ல எடுத்துக்காது, பிளாக் போஸ்ட்னு போட்டு பின்னாடி ஒரு நம்பர ஒட்டிவிட்டுரும். பத்துப் பதிவு போட்டீங்கன்னா எந்த லிங்க் எதுக்குன்னு உங்களுக்கே தெரியாது. வலதுபக்கம் பெர்மாலிங்க்னு இருக்கும், பப்ளிஷ் குடுக்கறதுக்கு முன்னாடியே அதுல இங்கிலீஷ் எழுத்துல ‘பீஸ்-ரேட்’, ‘பேட்லாக்-தையல்’னு நீங்களே அடிச்சுப்போடுங்க. பப்ளிஷ் பண்ணிப்போட்டு மாத்துனா ஏற்கெனவே வாட்ஸப்ல அனுப்புன லிங்க் எல்லாம் செத்துப்போகும்.

பொட்டி தட்டறவன், சரவணம்பட்டி

ண்ணா, மன்னிச்சுக்கோங்க, நான் ஒத்துக்க மாட்டேன். கூகுள் எடத்துல குடியிருந்துட்டு அது சொந்தம்னா எப்புடி? நீங்களே மூணு கடைய மூடுன கதைய சொல்லிப்போட்டு நாலாவது கடைய நம்பச் சொல்றீங்க. ரெண்டு வருசம் லாகின் பண்ணாத கணக்க அழிக்கலாம்னு 2023-லயே விதி போட்டுட்டாங்க. தம்பி, ஒரு டொமைன் வாங்குங்க, டாட் காம் வருசத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வரும், மொத வருச ஆஃபர் வெலையப் பாத்து ஏமாறாம ரெனிவல் எவ்வளவுன்னு பாத்து வாங்குங்க. எழுதறத மார்க்டவுன்ல, அதாவது தலைப்பு, லிங்க்குக்கு சின்னச் சின்ன குறி போட்ட சாதா டெக்ஸ்ட் ஃபைலா வெச்சுக்கோங்க, ஹியூகோ மாதிரி ஒரு சாஃப்ட்வேர் அத சைட்டா மாத்திக் குடுக்கும், சைட்ட வெக்க எடம் குடுக்கற கிட்ஹப் பேஜஸ்ல ஃப்ரீயா ஏத்தலாம். நாளைக்கு கிட்ஹப் புடிக்கலையா, அதே ஃபைல தூக்கிட்டு வேற எடத்துக்குப் போலாம், அட்ரஸ் மாறாது. இண்டிவெப்னு 2011-ல அமெரிக்கால போர்ட்லேண்ட்ல ஆரம்பிச்ச கூட்டம் சொல்றதே இதுதான், மொதல்ல உன் எடத்துல போடு, பொறவு லிங்க்க பேஸ்புக்லயோ வாட்ஸப்லயோ போடு.

கூடுதுறை, பவானி

சரிங், எக்செல் வரைக்கும் தெரிஞ்ச பையனுக்கு கிட்ஹப்ப சொல்லிக் குடுக்கறதுக்குள்ள அவன் எழுதற ஆசையே போயிரும். டொமைன் கதைய நான் நேர்ல பாத்தவன். எங்க செட்டுல வசதியானவங்க எல்லாம் அப்பவே டாட் காம் வாங்கி ஜம்முனு இருந்தாங்க. ஒருத்தர் தவறிப்போயிட்டாரு, இன்னொருத்தர் வேல மாறி கார்டு மாறி பணங்கட்ட மறந்துட்டாரு. இன்னிக்கு அந்த அட்ரஸ்ல போனா ஒண்ணுல ரம்மி வெளம்பரம், இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல. ஓசி பிளாக்ஸ்பாட்ல கெடந்தவங்க எழுத்துதான் மிச்சம். சொந்தம் சொந்தம்னு சொல்றீங்களே, வருசா வருசம் பணங்கட்டுனாத்தான் நிக்கும்னா அதும் வாடகைதானுங்களே.

பொட்டி தட்டறவன், சரவணம்பட்டி

அது வாஸ்தவந்தான், வாடகைன்னே வெச்சுக்கோங்க. ஆனா என் எழுத்து என் கையில ஃபைலா இருக்குது, வெப் பக்கத்தையெல்லாம் நகல் எடுத்து சேத்து வெக்கற ஆர்க்கைவ் டாட் ஆர்க்கோட வேபேக் மெஷின்லயும் ஏத்தி வெப்பேன். உங்க பிளாக்ஸ்பாட்ட நீங்க கடைசியா எப்ப பேக்கப் எடுத்தீங்க ண்ணா?

மஞ்சமண்டி அக்கா, ஈரோடு

ரெண்டு பேரும் சண்டைய நிறுத்துங்க சாமி. தம்பி, பிளாக்ஸ்பாட்ல இப்பவே ஆரம்பிங்க. ஒரு நாப்பது அம்பது பதிவு தாண்டி இன்னும் எழுதிட்டு இருந்தீங்கன்னா டொமைன் வாங்கி அதே பிளாக்கர்ல கோத்து விடுங்க, அதுக்கு கூகுள் தனியா காசு கேக்காது, பழைய பிளாக்ஸ்பாட் லிங்க் தானா புது அட்ரஸுக்குத் திரும்பிக்கும். பணங்கட்ட முடியாமப் போச்சுன்னா செட்டிங்ஸ்ல போயி டொமைன எடுத்துவிட்டா பழைய அட்ரஸ் மறுபடி வேல செய்யும். பேக்கப்பும் அதே செட்டிங்ஸ்லதான் இருக்குது, ஆனா போட்டோவுக்கு அதையே நம்பாம, போட்டோவ தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சுக்கோங்க.

உங்க மொதலாளி சங்கதிதான் எனக்குப் பெருசாப் படுது. தனியா ஒரு ஜிமெயில் தொறந்து அதுல பிளாக் ஆரம்பிங்க, ஆபீஸ் சிஸ்டத்துல லாகின் பண்ணவே பண்ணாதீங்க. போட்டோவுக்குள்ள எந்த எடத்துல எடுத்ததுன்னு லொக்கேஷன் ஒளிஞ்சிருக்கும், போன் கேமரால அத ஆஃப் பண்ணிருங்க. அதவிட முக்கியம் பீஸ் போட்டோ. ஆர்டர் குடுத்த பையரோட லேபிளு, ஸ்டைல் நம்பரு, பின்னாடி செவுத்துல ஒட்டியிருக்கற புரொடக்சன் போர்டு, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் எந்த கம்பெனி எந்த ஆர்டர்னு திருப்பூர்ல டீக்கடைல நிக்கறவரே சொல்லிருவாரு. துணிய மட்டும் கிட்டக்க வெச்சு எடுங்க. டொமைன் வாங்கறப்பவும், அது யாரு பேர்ல இருக்குதுன்னு காட்டற ஹூஇஸ் பதிவுல உங்க பேரும் போன் நம்பரும் வெளிய தெரியுமான்னு கேட்டுட்டு வாங்குங்க, டாட் காமுக்கு நெறைய எடத்துல அத மறைச்சே குடுப்பாங்க.

யாரு படிப்பாங்கன்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறை எல்லாம் மூடுனப்ப எங்க ஒறம்பரைல பாதிப்பேரு வேலையில்லாம ஊருக்குத் திரும்பிட்டாங்க. அந்த மாசம் லைன்ல இருந்தவங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு இப்ப தேடுனா பேப்பர் செய்திதான் வருது, வேல செஞ்சவங்க எழுதுனது ஒண்ணும் என் கண்ணுல படல. நீங்க எழுதறது அந்த மாதிரி விசயம், இன்னிக்கு பத்துப் பேரு படிச்சாப் போதும்.

பொட்டி தட்டறவன், சரவணம்பட்டி

அக்கா சொன்னா சரி, நான் எறங்கி வந்துட்டேன். தம்பி, பிளாக்கோட டிசைன் டெம்ப்ளேட்ல மட்டும் ஒரு சோலி பாருங்க. அதுல வர்ற லைன் இடைவெளி இங்கிலீஷுக்கு அளந்தது, நம்ம எழுத்துல மேல்விலங்கும் கீழ சுழியும் முட்டிக்கும், லைன் ஹைட்ட 1.7 வாக்குல வைங்க. லெட்டர் ஸ்பேசிங்கத் தொடவே தொடாதீங்க, எழுத்து பிரிஞ்சு பிரிஞ்சு நிக்கற மாதிரி ஆயிரும். புதுப் பதிவ ரீடர் ஆப்புக்குத் தானா அனுப்பற ஆர்எஸ்எஸ் ஓடை பிளாக்கர்லயே இருக்கும், அந்த லிங்க்க பக்கத்துல கண்ணுல படற மாதிரி வைங்க. மெயில்ல சந்தா கட்டற வசதிய 2021-ல எடுத்துட்டாங்க, அதனால ஃபீட்லி மாதிரி ரீடர் வெச்சிருக்கறவங்க ஓடையிலதான் வருவாங்க.

ஓவர்லாக் தம்பி, திருப்பூர்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். புது ஜிமெயில் தொறந்துட்டனுங்க, ‘பேட்லாக்-தையல்’னு லிங்க் வெச்சு மொதப் பதிவு டிராஃப்ட்ல கெடக்குது. பின்னூட்டம் தொறந்து விடறதுங்களா, மூடிறதுங்களா? எங்க லைன்ல ஒருத்தனே வந்து எம்பேரு போட்டு நக்கல் பண்ணிப்போடுவான்.

கூடுதுறை, பவானி

தொறந்து வைங்க, ஆனா மாடரேஷன்ல. நீங்க ஓகே குடுத்தாத்தான் வெளிய தெரியும். எம் பின்னூட்டம் மொதல்ல வந்து நிக்கும், மறக்காம உடுங்க.