ஏற்காடு மாண்ட்ஃபோர்ட்டில் ஓட்டக்காரப் பையனைச் சேர்க்கலாமா?

சூரமங்கலம் அப்பா:
வணக்கம். மகன் ஏழாம் வகுப்பு, 800 மீட்டர் ஓடுகிறான். ஏற்காடு மலையில் உள்ள மாண்ட்ஃபோர்ட் பள்ளி விடுதியில் சேர்க்க ஆசை. அந்த உயரத்தில் மூச்சு வாங்காதா?

பழைய விடுதி மாணவன்:
வாங்கும் அண்ணா. ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி குறைவு. முதல் இரண்டு வாரம் நானே பாதி மைதானத்தில் நின்றுவிடுவேன். அப்புறம் உடம்பு பழகிவிட்டது. லீவுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் அதிகாலை ஓடினால், கால் பறக்கிற மாதிரி இருக்கும்.

காபிரியேல் சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் பிரதர்கள் 1917-இல் தொடங்கிய பள்ளி. 1983 உலகக் கோப்பையில் 18 விக்கெட் எடுத்த ரோஜர் பின்னி அங்கே படித்தவர். நாங்கள் பந்து போடும்போதெல்லாம் அவர் பெயர்தான்! ஐப்பசி மழையில் மட்டும் ஷூ காயவே காயாது. இரண்டு ஜோடி கொடுத்து அனுப்புங்கள்.

அஸ்தம்பட்டி அம்மா:
பையனிடம் கேட்டீர்களா அண்ணா? என் மகள் விடுதியில் முதல் மாதம் முழுக்க அழுதாள். த்ரோபால் அணியில் சேர்ந்த பிறகுதான் தேறினாள்.

சூரமங்கலம் அப்பா:
இன்னும் கேட்கவில்லை அம்மா. இன்று ராத்திரி கேட்கிறேன்.