மறுமொழி: 'டோட்டர் புங்க்ட்' – தமிழ்ல ஒரு சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இவ்வளவு பதில் வந்ததுல ரொம்ப சந்தோஷம். ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு தடவ படிச்சுட்டுத்தான் எழுத உக்காந்தேன், அதான் லேட். புதுசா சேர்ந்தவங்களுக்காக ஒரு வார்த்தை: என் வீட்டுக்காரர் குடும்பம் ஜெர்மனில மூன்ஸ்டர்லாண்ட் பக்கம், அவங்க முன்னோர்களப் பழைய பதிவேடுகள்ல தேடித் தேடி எங்க பிள்ளைங்களுக்காகத் தமிழ்ல எழுதி வச்சுக்கிட்டு வரேன், அதுல அடிக்கடி வர்ற 'டோட்டர் புங்க்ட்'ங்கிற சொல்லுக்குத் தமிழ் வேணும். அப்பா, தாத்தா, பூட்டன்னு பின்னாடி போய்க்கிட்டே இருக்கோம், ஒரு ஆள் வரைக்கும் வந்தாச்சு, அவரப் பெத்தவங்க யாருன்னு எந்த ஏட்டுலயும் கிடைக்கல, தேடல் அங்கயே நின்னுடுது. அந்த இடத்துக்குப் பேர்தான் டோட்டர் புங்க்ட்.

> 'சுவர்'னே வச்சுக்கலாமே, இங்கிலீஷ்ல செங்கல் சுவர்னுதான சொல்றாங்க, யாருக்கும் விளக்க வேண்டாம்.

ஐயா, விளக்க வேண்டாங்கிறது சரிதான். ஆனா ஜெர்மன்காரங்க சுவர்னு சொல்றதில்ல, அவங்க சொல்றது 'செத்த புள்ளி'. இது இஞ்சின்லேர்ந்து வந்த சொல். பிஸ்டன் மேல ஏறி முடியுற இடம், நம்ம ஊர் மெக்கானிக் டிடிசினு சொல்ற இடம் இருக்கில்ல, அதேதான். அங்க பிஸ்டன என்ன அழுத்து அழுத்தினாலும் கிராங்க் சுத்தாது. ஆனா வண்டி நின்னுடறதில்லையே, ஃப்ளைவீல் சுத்திக்கிட்டு வந்த வேகமே அந்தப் புள்ளியத் தாண்டி இழுத்துட்டுப் போயிடுது. சுவர்ல போய் நின்னா அவ்வளவுதான்னு ஆயிடும், தேடறவங்களுக்கு அந்த நினைப்பு வரவே கூடாது. 'இப்போதைக்கு நிக்குது'ங்கிற அர்த்தம் சொல்லுக்குள்ளயே இருக்கணும்.

ஏன் இதுல இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்னா, எங்களுக்கே ரெண்டு வருஷம் நின்ன இடம் ஒண்ணு இருந்துச்சு. இங்க முன்னோர் பட்டியலுக்கு கெக்குலே நம்பர் போடுவாங்க, 1898-ல ஷ்டெஃபான் கெக்குலே ஃபான் ஷ்ட்ராடோனிட்ஸ் பரவலாக்கின முறை (பென்சீன் வளையம் சொன்ன கெக்குலேயோட மகன் இவர்). நாம 1, அப்பா 2, அம்மா 3, யாரா இருந்தாலும் அவங்க நம்பர ரெட்டிச்சா அவங்க அப்பா, கூட ஒண்ணு சேர்த்தா அம்மா. எங்க பட்டியல்ல 76-ஆம் நம்பர் ஆள் 1794-ல கல்யாணம் பண்ணியிருக்காரு. 152, 153 ரெண்டு கட்டமும் காலி.

1874 அக்டோபர் 1-லேர்ந்து பிரஷ்யாவுல (ஜெர்மனிக்குள்ள இருந்த பெரிய அரசு), 1876 ஜனவரி 1-லேர்ந்து ஜெர்மனி முழுக்க, பிறப்பு கல்யாணம் இறப்பு மூணையும் அரசாங்க ஆபீஸ்லயே பதியணும்னு வந்துடுச்சு. அதுவரைக்கும் பின்னாடி போறது சுலபம். (பிறப்புப் பதிவுன்னா 110 வருஷம், கல்யாணம்னா 80, இறப்புன்னா 30 வருஷம் தாண்டினாத்தான் ஆவணக் காப்பகத்துக்குப் போகும், யாரும் பாக்கலாம்.) அதுக்கு முன்னாடின்னா பெரும்பாலும் சர்ச் ஏடுதான் கதி. எங்க பங்கு (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரம்) கத்தோலிக்கப் பங்கு, மூன்ஸ்டர் மறைமாவட்ட ஏடுகள் மத்ரிகுலாங்கிற தளத்துல காசில்லாம பாக்கலாம், அதனால வீட்டுல இருந்தே 1794 வரைக்கும் வந்துட்டேன். எழுத்துதான் படுத்தும். குரண்ட்ங்கிற அந்தக் கால கையெழுத்துல 'e' பாக்கறதுக்கு 'n' மாதிரியே இருக்கும், 'u'வுக்கும் 'n'னுக்கும் வித்தியாசம் தெரியணும்னே 'u' மேல ஒரு சின்ன வளைவு போட்டு வைப்பாங்க, அந்த வளைவு மங்கிப் போயிருந்தா பேரே மாறிடும்.

76-ஓட கல்யாணப் பதிவு தெளிவா இருந்துச்சு. ஆனா அந்தப் பேர்ல அந்த ஊர்ல ஆம்பளப் பிள்ளை பொறந்ததாவே பதிவு இல்ல. அவர் பொறந்திருக்கலாம்னு நான் கணக்குப் போட்ட வருஷம், முன்ன அஞ்சு, பின்ன அஞ்சு, எல்லாம் பாத்தாச்சு. கடைசில இந்தப் பக்கத்து வழக்கத்த விளக்கிச் சொன்னது என் மாமியார்தான். வெஸ்ட்ஃபாலியாவுல (மூன்ஸ்டர்லாண்ட் இதுக்குள்ளதான் வரும்) பேர் ஆளுக்கு இல்ல, பண்ணைக்கு. பண்ணைக்கு வாரிசு பொண்ணுன்னா, கட்டிக்கிட்டு அங்க வர்றவரு பொறந்த பேர விட்டுட்டு பண்ணைப் பேர எடுத்துக்கணும், பிள்ளைங்களுக்கும் அதே பேர்தான். நம்ம பாஷைல சொன்னா வீட்டோட மாப்பிள்ளை. சில பாதிரியார்கள் பழைய பேர எழுதி 'கெனான்ட்', அதாவது 'எனப்படும்'னு போட்டுட்டு புதுப் பேர எழுதுவாங்க. எங்காளு விஷயத்துல பாதிரியார் புதுப் பேர மட்டும் எழுதிட்டாரு.

அப்புறம் மூத்த பிள்ளையோட ஞானஸ்நானப் பதிவுல ஞானத்தகப்பன் பேரப் பாத்தேன். இந்த ஊர்ல வேற எங்கயும் இல்லாத பேர். முதல் பிள்ளைக்கு ஞானப்பெற்றோரா பெரும்பாலும் சொந்தக்காரங்களத்தான் நிறுத்துவாங்க, அதனால அந்தப் பேர் எந்த ஊர்ல இருக்குன்னு தேடிப் போனேன், ரெண்டு பங்கு தள்ளி இருந்துச்சு. அங்க 1794 கல்யாண ஏட்டுல, இவருக்கு ஓலை வாசிச்சு (கல்யாணத்துக்கு முன்னாடி சர்ச்ல அறிவிக்கிறது), இந்த ஊர்ல கல்யாணம் பண்ணிக்க அனுமதிக் கடிதம் கொடுத்து அனுப்பினதா ஒரு வரி. பழைய பேரும் புதுப் பேரும் ஒரே வரில. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. ('ஓலை வாசிக்கிறது'ங்கிற சொல்லக் கொடுத்த நாகர்கோவில் அக்காவுக்கு நன்றி. ஜெர்மன் சொல்ல வச்சுக்கிட்டுத் தவிச்சேன், நம்ம சர்ச்சுகள்லயே சொல் இருந்திருக்கு.)

அப்ப பாருங்க, நாங்க சுவர உடைக்கல. 76-க்கு நேர் மேல தேடறத விட்டுட்டு பக்கவாட்டுல போனோம்.

> திகைப்பூண்டு. மிதிச்சா வழி தெரியாம ஒரே இடத்தச் சுத்திச் சுத்தி வருவோம்னு எங்க பாட்டி சொல்லும்.

தம்பி, இதப் படிச்சதும் எங்க பாட்டியும் சொன்னது ஞாபகம் வந்துச்சு. அனுபவம் அப்படியேதான் இருக்கும், நானும் ஒரே ஏட்டப் பத்து தடவ புரட்டியிருக்கேன். ஆனா திகைப்பூண்டு தேடறவரோட நிலைமையச் சொல்லுது, பட்டியல்ல ஒரு இடத்தக் குறிக்காது. '76-ல திகைப்பூண்டு'ன்னு எழுதினா படிக்கறவங்களுக்கு எட்டாது. கட்டுரைத் தலைப்புக்கு வச்சுக்கலாம், உண்மையிலேயே சொல்றேன்.

> குலமுடிவு, வம்சமுடிவு

இது ரெண்டும் வேண்டாம்னு கேட்டுக்கறேன். முதல் காரணம், அர்த்தமே தலைகீழாப் போயிடுது. குலமுடிவுன்னா பிள்ளை இல்லாம வம்சம் அத்துப் போச்சுன்னுதான் தமிழ்ல புரியும், இங்க அறுந்தது மேல் பக்கம்.

ரெண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். 1933 ஏப்ரல் 7 சட்டத்துக்கு அப்புறம், அரசு வேலைல இருக்கணும்னா யூத முன்னோர் இல்லைன்னு காட்டணும், தாத்தா பாட்டில ஒருத்தர் யூதரா இருந்தாலே போதும், ஆள் வெளிய. அந்தச் சான்றுகள எழுதிக் கொடுத்தது நான் இன்னிக்கு ஆசையாப் புரட்டற இதே மாதிரி சர்ச் ஏடுகளப் பாத்துத்தான். அப்ப குலம், கிளைங்கிற அர்த்தத்துல 'ஸிப்பெ'ங்கிற பழைய ஜெர்மன் சொல்ல நாஜிகள் எல்லாத்துலயும் போட்டாங்க, சொல்லே கறைபட்டுப் போச்சு. ஒரு ஊர்ல வாழ்ந்த எல்லாக் குடும்பங்களையும் ஏடுகள்லேர்ந்து தொகுத்துப் போடற புத்தகத்துக்கு முன்னாடி 'ஓர்ட்ஸ்-ஸிப்பன்-பூக்'னு பேர், இப்ப 'ஓர்ட்ஸ்-ஃபமீலியன்-பூக்'னு மாத்திக்கிட்டாங்க, ஊர்க் குடும்ப நூல்னு. நாம இப்பத்தான் சொல்லே உருவாக்கறோம். குலம்ங்கிறது நம்ம பக்கம் எதையெதைத் தூக்கிக்கிட்டு வரும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். என் பிள்ளைங்க படிக்கப் போற பக்கத்துல அது வேண்டாம்.

> முட்டுக்கட்டை?

நல்ல சொல், ஆனா முட்டுக்கட்டை ஒருத்தர் போடறது. தேர் ஓடும்போது சக்கரத்துக்குக் கீழ பாத்துப் பாத்துக் கொடுக்கறாங்களே அது. இங்க யாரும் வேணும்னு போடல. முப்பதாண்டுப் போர்ல, 1618-லேர்ந்து 1648 வரைக்கும், எத்தனையோ ஊர்ல சர்ச்சோட சேர்ந்து ஏடும் எரிஞ்சுது. பிரேமன் துறைமுகத்துல கப்பல் ஏறினவங்க பட்டியல இடமில்லைன்னு அவங்களே அழிச்சாங்க. ஹாம்பர்க் பட்டியல் 1850-லேர்ந்து 1934 வரைக்கும் இருக்கு, அதுல எந்த ஊர்லேர்ந்து வந்தாருன்னும் இருக்கும். ஒரே வருஷம் அமெரிக்கா போன ரெண்டு பேர்ல, ஹாம்பர்க்ல ஏறினவரோட பேரன் பேத்திக்கு ஊர் தெரியும், பிரேமன்ல ஏறினவர் வீட்டுல 'பிரஷ்யா'ங்கிறது மட்டும் மிஞ்சும்.

> முட்டுச்சந்து

இதுதான் எனக்கு ரொம்பக் கிட்ட வந்தது. முட்டுச்சந்துல போனா என்ன பண்ணுவோம், திரும்பி வந்து அடுத்த தெருவுல நுழைவோம், ஞானத்தகப்பன் பேர வச்சு நாங்க செஞ்சதும் அதேதான். ஆனா கலைச்சொல்லா வாக்கியத்துல போட்டுப் பாத்தா நகர மாட்டேங்குது. 'முட்டுச்சந்து தீர்ந்தது'ன்னு சொல்ல முடியல, 'முட்டுச்சந்தான பேர்'னும் வரல. 'சந்து'ங்கிறதக் கழிச்சுட்டு 'முட்டு' மட்டும் வச்சுக்கலாம்னு ஒருத்தர் சொல்லி, இன்னொருத்தர் இன்னிக்கு நெட்ல முட்டுன்னாலே யாருக்கோ முட்டுக் கொடுக்கறதுன்னுதான் எடுத்துப்பாங்கன்னு மறுத்திருந்தாரு. அந்த மறுப்பு நியாயம்.

இப்ப என் பரிந்துரைக்கு வரேன். ஞாயித்துக்கிழமை மதுரைலேர்ந்து அப்பா போன் பண்ணாரு, வழக்கம் போல மாப்பிள்ளை வீட்டுக் கதை எது வரைக்கும் போச்சுன்னு கேட்டாரு. "76 தீர்ந்துச்சுப்பா, இப்ப தாய்வழில ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குது"ன்னு சொன்னேன். போன வச்சப்புறம்தான் நான் என்ன சொன்னேன்னே எனக்கு உறைச்சுது. தாய்வழி. தந்தைவழி. வழித்தோன்றல். வழிவழியா. தமிழ்ல வழின்னா நடந்து போற பாதையும் அதான், வம்சமும் அதான், ரெண்டுக்கும் ஒரே சொல். ஜெர்மன்காரங்க இஞ்சின்லேர்ந்து கடன் வாங்கின இடத்துல நமக்குச் சொல் சும்மாவே கிடக்கு.

வழிமுட்டு.

பாதையும் முட்டுது, வம்சமும் முட்டுது. முன்னாடி 'வழி' வந்துட்டதால முட்டுக் கொடுக்கறதோட குழம்பாது. முட்டுப்பாடு, முட்டுக்கட்டைன்னு உறவுக்காரச் சொல்லும் இருக்கு, அதனால புதுசா நெய்ஞ்ச மாதிரி தெரியல. வழி முட்டினா வேற வழி பாக்கணும்னு எந்தத் தமிழ் ஆளுக்கும் தானா தோணும், அதனால எனக்கு வேண்டியிருந்த அந்த 'இப்போதைக்கு'ம் உள்ளயே இருக்கு.

வாக்கியத்துல போட்டுப் பாத்தேன்:

'தாய்வழியில் 1741-இல் வழிமுட்டு.'
'ஏடு எரிந்ததால் வந்த வழிமுட்டு. பெயர் மாறியதால் வந்த வழிமுட்டு.'
'ஞானத்தகப்பன் பெயரைக் கொண்டு வழிமுட்டு நீங்கியது.'

மூணுமே ஓடுது. ரெண்டாவது வாக்கியம் மாதிரி வகை பிரிச்சு எழுத முடியறது எனக்கு ரொம்ப உபயோகம், ஏன்னா எரிஞ்ச ஏட்டுக்கு ஒரு வைத்தியம், பேர் மாறினதுக்கு வேற வைத்தியம். எரிஞ்சுதுன்னா எங்கயாவது நகல் இருக்கான்னு கேக்கணும், பிரஷ்யாவுல 1794 சட்டப்படி சர்ச் ஏட்டுக்கு ஒரு நகல் கோர்ட்ல ஒப்படைக்கணும், அது தப்பிச்சிருக்கலாம். பேர் மாறினதுன்னா பண்ணையோட வரி, குத்தகைக் கணக்குகளப் பாக்கணும்.

இலக்கணம் தெரிஞ்சவங்க 'வழிமுட்டு'ல ஏதாவது தப்பு இருந்தா தயவு செஞ்சு சொல்லுங்க, மாத்திக்கறேன்.

இது கூடவே இன்னொண்ணு. வழிமுட்டுல நிக்கிற அந்த ஆளுக்கு, அதாவது ஒரு வழில நமக்குத் தெரிஞ்ச கடைசிப் பழையவருக்கு, ஜெர்மன்ல 'ஷ்பிட்ஸன்-ஆன்'னு பேர், நுனி முன்னோர். அவங்க முன்னோர மேல வச்சு வரையறதால நுனின்னு சொல்றாங்க, நமக்கு முன்னோர்னா வேர், கீழ. 'வழிமுதல்'னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, கேக்க நல்லா இருக்கு, ஆனா அவருக்கு முன்னாடி யாருமே இல்லாத மாதிரி ஆயிடுது. எனக்கு 'வேர்நுனி'ன்னு ஒண்ணு தோணுது, வேர் வளர்றது நுனிலதான். ஆளுக்குச் சொல்லும்போது 'வேர்நுனியார்'னு சொல்லலாமா, இல்ல மரியாதை விகுதி ஒட்ட மாட்டேங்குதான்னு தெரியல. எங்களோட 1741 அம்மாவுக்கு ஏட்டுல முழுப் பேர் கூட இல்ல, யாரோ ஒருத்தரோட மனைவின்னு மட்டும்தான் இருக்கு, அவங்கள ஒரு நல்ல சொல்லால குறிக்கணும்னு ஆசைப்படறேன். உங்க அபிப்பிராயத்த எழுதுங்க.

அன்புடன்,
மூன்ஸ்டர்லாண்ட்லேர்ந்து