தென்னை மரத்துலேர்ந்து விழுந்தவன் கேக்குறேன்: கஷ்டத்துக்குள்ள நல்லது ஒளிஞ்சிருந்ததைப் பாத்திருக்கீங்களா? (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆளுங்க எழுதுங்க)

குடியாத்தம் திண்ணை:

போன வாரம் ஒரு கல்யாணத்துல ஒரு பெரியவர் என் சக்கர நாற்காலியைப் பாத்துட்டு, "எல்லாம் நல்லதுக்குத்தான் தம்பி"ன்னாரு. பந்தியில உக்காந்திருந்தேன், பதில் பேசல. வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அதுவே மண்டைக்குள்ள ஓடுது. அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்ல. ஆனா அவர் வாயால கேட்டப்போ எரிஞ்சுது. ஏன்னு யோசிச்சுத்தான் இதை எழுதுறேன்.

2009 சித்திரை. எனக்கு 24 வயசு, மரம் ஏர்ற வேலை. எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேணாம், வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தாலம்மன் கோயில்லேர்ந்து கோபாலபுரம் வரைக்கும் அம்மன் சிரசு, அதாவது தலை, ஊர்வலமா வர்ற வழியெல்லாம் தேங்காய் உடைச்சு ரோடே வெள்ளையாக் கெடக்கும். அதுக்காக ஒரு தோப்புல மொத்தமா காய் இறக்கச் சொல்லியிருந்தாங்க. ஒன்பதாவது மரம். பச்சையாத் தெரிஞ்ச மட்டையைப் பிடிச்சேன், அடியில காஞ்சு போயிருந்துச்சு. கையோட வந்துடுச்சு.

விழுந்தப்போ வலிக்கல. காலைக் காணோமேன்னுதான் தோணுச்சு. கால் கண்ணு முன்னாடியே கெடக்கு, ஆனா அது என்னுது இல்ல. ரேணுகா தலையை வேற உடம்புல பொருத்துன கதையைச் சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்தவன் நான். வருஷா வருஷம் சண்டாளச்சி உடம்பு மேல சிரசு ஏத்துறதை கூட்டத்துல நின்னு பாத்திருக்கேன். அந்தக் கதை அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

ஆபரேஷன் முடிஞ்சு வேலூர் சி.எம்.சி.யோட பாகாயம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினாங்க. காட்பாடிலேர்ந்து 1, 2 நம்பர் பஸ் போய் நிக்கிற அதே பாகாயம்தான். அங்க நடக்கச் சொல்லித் தருவாங்கன்னு நெனச்சுப் போனேன். முதல்ல சொல்லித் தந்தது உக்கார. ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திரும்பிப் படுக்கணும். நாற்காலியில இருந்தா அடிக்கடி ரெண்டு கையையும் ஊனி உடம்பைத் தூக்கி இறக்கணும். தினம் காலையில கைக்கண்ணாடியில முதுகுக்குக் கீழ பாத்து, தோல் செவந்திருக்கான்னு தேடணும். விட்டா படுக்கைப் புண்ணு, அதுல உயிரே போனவங்க இருக்காங்க. பொறுமைன்னா சாமி படத்துக்கு முன்னாடி கண்ண மூடி உக்கார்றதுன்னு நெனச்சிருந்தவன் நான். எனக்குக் கெடைச்ச பொறுமை அந்தக் கண்ணாடிதான்.

மூணாவது மாசம், இனிமே எதுவும் பண்ண மாட்டேன்னு சுவத்தைப் பாத்துப் படுத்துட்டேன். பக்கத்துக் கட்டில் அண்ணன் சித்தூர்க்காரரு, லாரி டிரைவர். அவர்தான் மேரி வர்கீஸ் கதையைச் சொன்னாரு. கேரளாவுலேர்ந்து வேலூருக்கு டாக்டர் படிக்க வந்தவங்க. 1954 ஜனவரியில கார் விபத்துல முதுகுத்தண்டு போச்சு, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. அதுக்கப்புறம் சக்கர நாற்காலியில உக்காந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டுத் திரும்பி வந்தாங்க. 1966-ல இந்த மையம் வந்தது அவங்களாலதான். பத்மஸ்ரீ கூட வாங்கியிருக்காங்க.

"அந்தம்மாவுக்கு அடிபட்டது நல்லதாப் போச்சு பாரு"ன்னு அண்ணன் முடிச்சாரு. அதைச் சொல்ல எனக்கு இன்னைக்கும் வாய் வராது. ஆனா நான் படுத்திருந்தது அந்தக் கட்டடத்துலதான்.

இப்ப என் கதைக்கு வர்றேன். எங்க தெருவுல முக்கால்வாசி வீட்ல பீடி சுத்துறாங்க. எங்க அண்ணியும் சுத்துறவங்கதான். ராத்திரியே இலையை நனைச்சு வச்சு, காலையில தகரத்தை வச்சு வெட்டி, தூள் போட்டு சுருட்டி நூல் கட்டுவாங்க. வீட்டுக்குத் திரும்பி வந்ததும் என்ன பண்றதுன்னு தெரியல, முனை மடக்கிக் குடுக்க உக்காந்தேன். பொம்பளைங்க பேச்சு காதுல விழ ஆரம்பிச்சுது. ஆயிரம் பீடின்னு குடுத்தா தொள்ளாயிரத்துக்குக் கணக்கு எழுதுற ஏஜென்ட். பல வருஷம் சுத்தியும் பீடித் தொழிலாளர் அட்டையே இல்லாதவங்க. அட்டை இருந்தா பிள்ளைங்களுக்கு மத்திய அரசு படிப்பு உதவித்தொகை உண்டுன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. நான் ஒன்பதாவதோட நின்னவன், ஆனா எழுத்து குண்டு குண்டா இருக்கும். ஒரு அக்காவுக்கு ஃபாரம் எழுதிக் குடுத்தேன். அந்தப் பொண்ணுக்குப் பணம் வந்துடுச்சு. மறுநாள் காலையில திண்ணையில ஏழு பேர்.

மரம் ஏறிக்கிட்டிருந்த காலத்துல ஒரு வீட்டுத் திண்ணையிலயும் நான் பத்து நிமிஷம் உக்காந்ததில்ல. எல்லா வீட்டையும் மேலேர்ந்து வெறும் கூரை ஓடாத்தான் பாத்திருக்கேன்.

இதை நான் சொல்லலாம். கல்யாண வீட்டுப் பெரியவர் சொல்லக் கூடாது. எனக்கு அவ்வளவுதான். உங்க கதையை எழுதுங்க.

பாலாத்தங்கரை:

வாணியம்பாடிலேர்ந்து எழுதுறேன் தம்பி. 2021 நவம்பர் வெள்ளம் எங்க தெருவுல இடுப்பளவு நின்னுச்சு. புல்லூர் அணை வழிஞ்சு வர்றப்பவே சொன்னாங்க, பாலாத்துலயாவது தண்ணியாவதுன்னு நாங்க நம்பல. 1903-ல ஊரையே அடிச்சுக்கிட்டுப் போன ஆறுன்னு பெரியவங்க சொல்வாங்க. நாங்க பாத்ததெல்லாம் மணலும் முள்ளும்தான்.

நான் வீட்லயே ஷூ மேல்பாகம் தையல் போடுறவ, ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. நாப்பது ஜோடி நனைஞ்சு ஊறிப்போச்சு. குடுத்தவர் என் கணக்குலயே புடிச்சுக்கிட்டாரு. பெரியவளுக்கு நிக்காஹ்வுக்குன்னு சேத்து வச்ச துணியும் சேறாயிடுச்சு. நான் அழுதேன். எங்க மாமி அழல, துவாவும் பெருசா கேக்கல. சேத்தை முறத்துல அள்ளி அள்ளி வெளிய கொட்டுனாங்க. "கஷ்டத்துடன் இலேசு இருக்கிறது"ன்னு அல்லாஹ் ஒரே சூராவுல ரெண்டு தடவ சொல்றான்ல, அதை ஹஜ்ரத் ஒருக்கா விளக்குனாரு. கஷ்டத்துக்கு அப்புறம்னு இல்ல, கஷ்டத்தோடயேன்னு அர்த்தமாம். சேத்தோட என்ன இலேசு வருதுன்னு நான் மாமியைக் கேட்டே கேட்டேன். "சபுரா, பொறுமையா இரு புள்ள, மொதல்ல அந்த மூலைய தொடை"ன்னாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் கேன் தண்ணி வரல. வேற வழியில்லாம கொல்லைக் கிணத்துத் தண்ணியில பருப்பு போட்டேன். எங்க கிணத்துத் தண்ணியில பருப்பு வேகாது, கல்லாட்டம் கெடக்கும். அவ்வளவு உப்பு. தோல் பதனிடுற ஷாப் கழிவு, 1996-ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வரைக்கும் போன கதை எல்லாருக்கும் தெரியும். எங்க அத்தாவும் தோல் ஷாப்ல வேலை பாத்தவர்தான், அந்த உப்புலதான் நாங்க சோறு தின்னு வளந்தோம், அதனால நான் யாரையும் திட்டல. அன்னைக்கு மூடியைத் தொறந்தா பருப்பு வெந்து குழைஞ்சு கெடக்கு. மாமி கரண்டியால எடுத்து ரெண்டு விரல்ல நசுக்கிப் பாத்தாங்க. அப்பதான் அழுதாங்க.

ஆறு உள்ள வந்து கிணத்தை அலசிவிட்டுப் போயிருக்கு. இப்ப மறுபடியும் கொஞ்சம் உப்பு தட்டுது, பொய் சொல்லக் கூடாது. ஷூ காசும் திரும்பி வரல.

சோளிங்கர் படி:

படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

என் பொண்ணு போய் ஆறு வருஷம் ஆகுது. ஒன்பது வயசு, காய்ச்சல். அதுல ஒளிஞ்சிருந்த நல்லது எதுவும் இல்ல. தேடிப் பாத்துட்டேன். "அவளுக்குப் பெரிய கஷ்டம் வராம சாமி கூட்டிக்கிட்டான்"னு சொன்னவங்க வீட்டுப் படி இன்னைக்கு வரைக்கும் நான் மிதிக்கல. கார்த்திகையில நரசிம்மர் கண்ணு தொறந்து பாப்பாருன்னு சொல்வாங்க. அந்த மாசம் ஒவ்வொரு வருஷமும் மலைக்கோயில் 1305 படியும் ஏர்றேன். ரோப் கார் வந்துடுச்சே, ஏன் கஷ்டப்படுறேன்னு வீட்ல கேக்குறாங்க. நான் நன்றி சொல்லப் போகல. கண்ணு தொறந்திருக்கிறப்போ ஒரு கேள்வி கேக்கணும், அதுக்குத்தான் போறேன்.

காட்பாடி ஸ்டாண்டு:

சோளிங்கர் அம்மா எழுதுனதுக்கு அப்புறம் என் கதைய போடலாமான்னு கூச்சமா கீது. சின்னக் கதைதான்.

2020 லாக்டவுன். ஆட்டோவுக்கு டியூ நிக்கிது, ஸ்டேஷன்ல ஒரு ட்ரெயின் இல்ல. நம்ம பொழப்பே பெங்கால், ஜார்க்கண்டுலேர்ந்து வைத்தியத்துக்கு வர்ற ஜனங்கதான். அவங்க வேலூர் லாட்ஜுங்கள்ல மாட்டிக்கினு இருந்தாங்க, கையில காசும் தீந்து போச்சு. பாஸ் வாங்கி, தெரிஞ்சவங்க குடுத்த அரிசி பருப்பை லாட்ஜ் லாட்ஜா கொண்டு போய் இறக்குனேன். எனக்கு பெங்காலி கடை பேரம் அளவுக்கு வரும். ஒரு கெழவி, புருஷனுக்கு வைத்தியம் பாக்க வந்தது, நான் எறக்குன அரிசியிலேயே கிச்சடி பண்ணி எனக்கே ஒரு தட்டு வச்சுக்கினு காத்திருக்கும். "காவ் பாபா, காவ்" அப்டின்னும். நாங்க கஷ்டம்னு சாப்பாடு குடுக்கப் போனா அது எனக்குப் போடுது. மே மாசம் ஜார்க்கண்டுக்கு ஸ்பெஷல் ட்ரெயின் விட்டப்போ நான்தான் அவங்களை ஸ்டேஷன்ல எறக்குனேன்.

அந்த நாப்பது நாள்ல நான் குடியை விட்டேன். பொறுமை, நம்பிக்கைன்னுலாம் எழுத ஆசைதான். கடை மூடியிருந்துச்சு, அதான் காரணம். மறுபடி தொறந்த அன்னைக்கு வரிசையில போய் நின்னேன். கெழவி தட்டோட நிக்கிற மாதிரியே இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்.

குடியாத்தம் திண்ணை:

சோளிங்கர் அக்கா, நீங்க எழுதுனதை மூணு தடவ படிச்சேன். தலைப்பை மாத்தலாமான்னு கூட யோசிச்சேன். உங்களுக்கு பதில் இல்ல என்கிட்ட. எங்க அம்மாவைப் பத்தி மேல எழுதாம விட்டுட்டேன், அதை மட்டும் சொல்றேன்.

விழுந்ததுக்கு அடுத்த வருஷம் சிரசு எங்க தெரு முனையில வர்றப்போ மேளம் கேட்டுச்சு. அம்மா எழுந்து போய் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாங்க. வருஷம் தவறாம கூழ் ஊத்துன பொம்பளை. உள்ள உக்காந்து அடுப்பைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. நாலு வருஷம் அப்படித்தான். அண்ணி ஒரு தடவ தொறக்கப் போனாங்க, நான் வேணாம்னு கை காட்டிட்டேன். சாமிக்கும் அம்மாவுக்கும் உள்ள கணக்கு, நடுவுல நாம யாரு.

2014-ல யாரும் எதுவும் சொல்லல. மேளம் கேட்டதும் அம்மா எழுந்தாங்க, நாங்க தாழ்ப்பாள் சத்தத்துக்குக் காத்திருந்தோம். கதவைத் தொறந்துட்டு, என் நாற்காலியை வாசலுக்குத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. முந்தானையிலேர்ந்து ஒரு தேங்காயை எடுத்து என் கையில குடுத்தாங்க. எப்ப வாங்கி வச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. உக்காந்த இடத்துலேர்ந்து தேங்காய் உடைக்கிறது லேசு இல்ல, குனிய முடியாது, வீச்சு பத்தாது. முதல் தடவ கீறல் கூட விழல. உருண்டு காவாய்ப் பக்கம் ஓடிடுச்சு. தெருப் பசங்க எடுத்துட்டு வந்து குடுத்தாங்க. அம்மா, "நல்லா ஓங்கிப் போடுறா"ன்னாங்க.