வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்: 600 பவுண்டு பார் போதுமா, 1,000 வேண்டுமா?

கேள்வி

வணக்கம். புதிதாக ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கியிருக்கிறேன். காலி எடை 5,200 பவுண்டு, அதிகபட்சம் 7,000. இழுக்கப் போவது அரை டன் ரக பிக்கப் டிரக். விற்பனைத் தாளில் டங் வெயிட் (டிரெய்லரின் முன் நாக்கு பிக்கப்பின் மேல் அழுத்தும் எடை) 560 என்று இருப்பதால், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சுக்கு (ஸ்பிரிங் பார்களால் அந்தப் பாரத்தைப் பகிர்ந்து தள்ளும் இணைப்பு) 600 பவுண்டு பார் போதும் என்கிறார் விற்றவர். இந்த ஹிட்ச் இல்லாமல் வெறும் பாலில் (டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டு) மாட்டிக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிக்கொண்டது, ஸ்டீயரிங் பிடிப்பே இல்லாமல் லேசாகிவிட்டது, ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டு மேலே போகிறது. குழந்தைகளோடு போகிற வண்டி என்பதால் தப்பானதை வாங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில் 1

நண்பரே, அந்த 560ஐ மறந்துவிடுங்கள். அது காலி டிரெய்லரின் கணக்கு. பேட்டரியும் கேஸ் சிலிண்டரும் முன்னால் நாக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும், பல தாள்களில் அவற்றைச் சேர்க்கவே மாட்டார்கள். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றினால் உங்கள் டிரெய்லர் எப்படியும் 6,300 பவுண்டு வரும் என்று வையுங்கள். டங் வெயிட் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், 13 என்று எடுத்தாலே 820 பவுண்டு. பிக்கப்பில் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் வைக்கிற ஜெனரேட்டர், கருவிப் பெட்டி எடையையும் அதோடு கூட்டித்தான் பார் வாங்க வேண்டும். 1,000 சரியாக இருக்கும். அதற்காக 1,400க்குத் தாவாதீர்கள், தேவைக்கு மேல் விறைப்பான பார் வளைந்து கொடுக்காது, பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் டிரெய்லர் சட்டத்துக்குப் போகும்.

அப்புறம், குனிந்து ரிசீவரில் (பிக்கப்பின் பின்னால் ஹிட்சைச் செருகும் சட்டம்) ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். அதில் பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கும்: வெறும் பாலுக்கு ஒன்று, இந்த ஹிட்ச் போட்டால் இன்னொன்று. ஓட்டுநர் கதவோரம் இருக்கும் ஸ்டிக்கரில் பேலோடையும் (பிக்கப் சுமக்கக்கூடிய மொத்தப் பாரம்) பாருங்கள். இந்த ஹிட்ச் பின் ஆக்ஸிலில் விழும் பாரத்தில் ஒரு பங்கை முன் ஆக்ஸிலுக்கும் டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் தள்ளுமே தவிர, பிக்கப்பின் வரம்பைக் கூட்டாது. ஹிட்சே 100 பவுண்டு வரை இருக்கும், அதுவும் பேலோடில்தான் சேரும்.

பதில் 2

ஸ்வே (டிரெய்லர் இடமும் வலமும் ஆடுவது) பற்றியும் யோசித்துவிட்டே வாங்குங்கள். தனியாக மாட்டுகிற ஃப்ரிக்‌ஷன் பார் விலை குறைவுதான், ஆனால் ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கிப் போய்க் கழற்ற வேண்டும். ஸ்பிரிங் பாரே தாங்கியில் உரசி ஆட்டத்தை அடக்குகிற வகை என்றால் அந்தத் தொல்லை இல்லை. நான் அதைத்தான் சொல்வேன். டிரெய்லரில் இருப்பது சர்ஜ் பிரேக் (டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானே பிடிக்கும் பிரேக்) என்றால் ஹிட்ச் அதற்கு ஒத்துப்போகுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆனால் எந்த ஹிட்சும் தப்பான சாமான் அடுக்கலைச் சரிசெய்யாது. ஒருமுறை நான் சைக்கிள்களைப் பின்பக்கம் கட்டி, பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். இறக்கத்தில் கண்ணாடியில் டிரெய்லர் இடமும் வலமும் வந்து வந்து போனது, ஒவ்வொரு தடவையும் முன்னைவிடப் பெரிதாக. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினேன், அடங்கியது. இன்று நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் இப்படித்தான் ஆகும்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி. லேபிளில் வெறும் பாலுக்கு 500, ஹிட்ச் போட்டால் 1,000 என்று இருக்கிறது. முன் சக்கர வளைவின் உயரம் டிரெய்லர் இல்லாமல் 36 அங்குலம், மாட்டினால் 37½. இதை எவ்வளவு இறக்க வேண்டும்?

பதில் 1

முதலில் பிக்கப்பின் கையேட்டைப் பாருங்கள், வண்டிக்கு வண்டி மாறும். ஏறியதில் பாதியையாவது இறக்கச் சொல்லும் வண்டிகள் உண்டு, உங்கள் கணக்கில் அது 36¾. எப்படியானாலும் 36க்குக் கீழே இறக்காதீர்கள். அளவு மீறி முறுக்கினால் பின் சக்கரத்தின் பாரம் குறைந்து, ஈர ரோட்டில் திருப்பும்போது பின்பக்கம் வழுக்கும். இறங்கியது போதவில்லை என்றால் பாரை இழுத்துப் பிடிக்கும் சங்கிலியை ஒரு கண்ணி இறுக்கி மாட்டுங்கள், அல்லது ஹிட்ச் தலையை இன்னும் கொஞ்சம் சாய்க்கலாம். சமதளத்தில், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகே அளக்க வேண்டும்.

பாரை மாட்டும்போது கம்பியை வைத்து நெம்பிப் போராட வேண்டாம், கை நழுவினால் எலும்பு முறியும். கப்ளரை (நாக்கின் நுனியில் பாலைக் கவ்வும் பூட்டு) பூட்டியபின் டிரெய்லர் ஜாக்கைச் சுற்றி பிக்கப்பின் வாலையும் சேர்த்துத் தூக்குங்கள், பார் லேசாக ஏறிவிடும்.

கேள்வி கேட்டவர்

சாமான் ஏற்றி எடைமேடைக்குப் போய் வந்தேன். பிக்கப் மட்டும் ஒரு தடவை, பிறகு டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்கும்படி பார் இல்லாமல் ஒரு தடவை. வித்தியாசம், அதாவது டங் வெயிட், 810 பவுண்டு. 600ஐ வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! உரசு வகையிலேயே 1,000 பார் சொல்லிவிட்டேன்.